திரை விலகியபோது

ஒரு நூல் நமக்கு ஏன் பிடித்தது என்று சொல்வது எளிது. பிடித்திருந்த ஒன்று பிடிக்காமற் போனதை ஒப்புக்கொள்வது சற்றுக் கடினம். இன்று அத்தகைய ஓர் ஒப்புதலையே நேயர்கள் முன் வைக்கிறேன்.

ஹென்றி றைடர் ஹகார்ட் என்னும் ஆங்கில ஆசிரியரின் 'அவள்' நாவலை எனது பதினாறாவது வயதில், அண்ணர் இரவல் வாங்கி வந்த அட்டை கிழிந்த பிரதியொன்றில் படித்தேன். ஆபிரிக்காவின் உட்பகுதியில், கோர் என்னும் அழிந்த நகரின் கல்லறைக் குகைகளில், முகத்திரை அணிந்த அயிஷா ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறாள். பொறாமையால் தானே கொன்ற காதலன் மறுபிறவி எடுத்து வருவான் என்பது அவள் நம்பிக்கை. லியோ என்ற இளைஞனாக அவன் வருகிறான். உயிர்த்தீ தீங்கு செய்யாது என்று அவனுக்குக் காட்ட இரண்டாம் முறை அதனுள் புகும் அவள், கண்முன்னே மூப்பெய்திச் சுருங்கி மடிகிறாள். மீண்டும் வருவேன் என்று சொல்லிவிட்டே மடிகிறாள். அவள் வருவாள் என்று நானும் காத்திருந்தேன்.

ஹகார்ட் 1875இல், பத்தொன்பது வயதில், நேற்றால் ஆளுநரின் கீழ்ப் பணியாற்றத் தென்னாபிரிக்கா சென்றவர். 1877இல் ட்ரான்ஸ்வால் பிரித்தானிய ஆட்சியுடன் இணைக்கப்பட்டபோது பிரிட்டோறியாவில் நடந்த கொடியேற்றத்தில் பங்குகொண்டவர். 1886இல் ஏறத்தாழ ஆறு வாரங்களில் எழுதிய இந்த நாவல் 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்து, 1887இல் நூலாயிற்று. அது விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டு. அயிஷா இங்கிலாந்துக்கு வந்து ஆளப்போவதாகச் சொல்ல, கதைசொல்லியான ஹாலி திகைத்துப் போகிறார். அது ஒரு பேரரசின் அச்சம் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அயிஷா சொன்னபடி 1905இல் 'அயிஷா' என்ற இரண்டாம் நூலில், மத்திய ஆசியாவின் மலைநாடொன்றில் வந்தாள். அருவருப்பூட்டும் முதிய வடிவில் நிற்கும் அவளை லியோ ஏற்றுக்கொள்ளும் இடம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆயினும் அவளது முத்தத்தைத் தாங்காது அவன் இறந்தபோது, மறுபடியும் பிரிவா என்ற சலிப்பு முதன்முறையாக எழுந்தது.

1921இல் 'அவளும் அலனும்' வெளிவந்தது. 'சொலமன் அரசனின் சுரங்கங்கள்' கதையின் நாயகன் அலன் அவளைச் சந்திக்கிறார். அவள் சொல்லும் பழங்கதைகளை அவர் நம்ப மறுக்கிறார். நானும் அவரோடு சேர்ந்து ஐயுற்றேன். 1923இல் வந்த 'ஞானத்தின் மகள்' நூலில் அயிஷாவே தன் வரலாற்றைச் சொல்கிறாள். அரேபியாவில் பிறந்தது, இசிஸ் தெய்வத்தின் பூசகியானது என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கிறது. முதல் நூலில் ஹாலியின் அஞ்சிய கண்களால் அவளைத் தொலைவில் வைத்துப் பார்த்தோம். அந்தத் தொலைவு போனதும் அவளது மாயமும் போயிற்று.

ஆசிரியரை மட்டும் குறை கூறலாமா? 1891இல் அவர் மெக்சிக்கோவில் இருந்த வேளை அவரது ஒரே மகன் இறந்தான். மாண்டவர் மீண்டும் வருவர் என்பது அதன் பின்னர் அவருக்கு வெறும் கதைப்பொருளாக இருந்திருக்க முடியாது. விடை தேடுகிறவர் விளக்கத்தான் செய்வார்.

மாற்றம் என்னிடமும் நேர்ந்திருந்தது. அண்மையில் முதல் நூலை மறுபடி படித்தபோது உஸ்தேன் என்ற பெண்ணிடம் நின்றுவிட்டேன். கோர் நாட்டவளான அவள் லியோவை நேசித்தாள், நோயுற்றபோது பராமரித்தாள். அவனைப் பிரிய மறுத்ததற்காக அயிஷா முதலில் அவள் கூந்தலில் வெண்ணிற விரற்றடங்களைப் பதிக்கிறாள். பின்னர் கொன்றே விடுகிறாள். லியோவோ சிறிது நேரத்தில் அயிஷாவின் அழகில் மயங்குகிறான். பதினாறு வயதில் நானும் அவனைப் போலவே உஸ்தேனை மறந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அதே மகாராணியின் ஆட்சிக்குட்பட்டிருந்த தீவில் பிறந்த நான், இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் படகில் அமர்ந்தே அந்தக் கதையைப் படித்திருக்கிறேன். கரையில் நின்றவளை நான் பார்க்கவில்லை. ஆசிரியர் அயிஷாவைப் பற்றி நான்கு நூல்கள் எழுதினார். உஸ்தேனுக்குக் கிடைத்தவை சில அத்தியாயங்களே.

அந்த வரிசையின் மற்ற மூன்று நூல்களையும் இனித் திறப்பேன் என்று தோன்றவில்லை. முதல் நூலை இன்னும் வைத்திருக்கிறேன். உஸ்தேன் வரும் பக்கங்களில் அடையாளத் தாள் இருக்கிறது.