யாருடைய கை? நீள்கை எந்திரமும் ஒரு விலைப்பட்டியலும்

கையால் தைத்தது கலை, எந்திரத்தில் தைத்தது சரக்கு என்ற பேச்சு, அமெரிக்கக் குவில்ட் பற்றி எழுதுகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருடைய கை, அந்தக் கைக்கு என்ன கூலி என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுபோகிறது.

குவில்ட் மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. துண்டுகளைச் சேர்ப்பது ஒரு வேலை. மூன்று அடுக்கையும் இறுக்கிப் பிடிக்கிற தையலைப் பரப்பு முழுக்க ஓட்டுவது வேறு வேலை; குவில்டிங் என்பது இதுதான். முகத்துணியைத் தன் ரசனைக்குச் செய்துகொள்கிற பெண், அதன்மேல் ஓடும் தையலை வேறொருத்தியிடம் கூலிக்குக் கொடுக்க முடியும். அழகியல் பேசுகிறவர்கள் முதல் வேலையைப் பார்க்கிறார்கள். நான் இரண்டாவதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் அவர் வைத்த விவிலியக் குவில்ட்டைப் பார்த்து ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் கஷ்டம் வந்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று அது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைத்தையலின் தாயாக அவரைக் கொண்டாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் கைத்தையலோடு எந்திரத் தையலும் இருக்கிறது. மிஷின் கைக்குக் கிடைத்தபோது அந்த அம்மாள் அதைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். ‘கை’ என்ற புனிதம் பின்னால் வந்தவர்கள் கட்டியது. 1992இல் ஸ்மித்ஸோனியன் தன்னிடமிருந்த குவில்ட்டுகளின் நகல்களைச் சீனாவில் தைத்து விற்க உரிமம் கொடுத்தபோது அமெரிக்கத் தையல்காரிகள் கொதித்தெழுந்தார்கள். நகலெடுக்கப்பட்டவற்றில் பவர்ஸின் குவில்ட்டும் ஒன்று. கையால் தைத்த நகல்களை மலிவாக விற்க முடிந்ததென்றால், சீனப் பெண்களின் கைக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

பழைய சட்டத்தைச் சுற்றி நடந்த பயிற்சியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். பெரிய மரச்சட்டத்தில் குவில்ட்டை இழுத்துக் கட்டி நாலுபுறமும் பெண்கள் உட்காருவார்கள். சிறுமிக்கு முதல் வேலை, பெரியவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. பிறகு ஓரத்தில் தைக்க இடம் கிடைக்கும். தையல் கோணினால் ராத்திரி யாராவது பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்துவிடுவார்கள். அழகான கல்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்குத் தைத்தபோது கணக்கு எப்படி? அமிஷ் பெண்களிடமும் தேவாலயக் குழுக்களிடமும் பரவலாக இருந்த வழக்கம், செலவான நூலைக் கெஜத்தால் அளந்து காசு வாங்குவது. அங்கே நூலுக்கு விலை இருந்தது, நேரத்துக்கு இல்லை.

கடிகார நேரம் தொழிலாளியின் உடம்புக்குள் எப்படி ஏற்றப்பட்டது என்று 1967இல் இ.பி. தாம்ஸன் எழுதிய கட்டுரையில், பிள்ளை வளர்க்கிற தாயின் நேரம் இன்னும் முழுதாகக் கடிகாரத்துக்குள் வரவில்லை என்று ஓர் இடம் வருகிறது. தாம்ஸன் கடந்துபோகிற அந்த இடத்தில் சில்வியா ஃபெடரிசி 1975இல் வந்து நிற்கிறார். அன்பு என்று நீங்கள் சொல்வது ஊதியமில்லாத உழைப்பு என்பது அவர் வாதம். குவில்ட்டைப்போல இதற்குப் பொருத்தமான உதாரணம் வேறில்லை. ‘பாட்டி அன்போடு தைத்தது’ என்று சொன்ன பிறகு மணிக்கணக்கை யார் கேட்பது?

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1966இல் அலபாமாவின் வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பினப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வாக்காளராகப் பெயர் பதிந்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. கூட்டுறவு நிலம் வாங்கி அவர்களில் சிலருக்கு மனை விற்றது. குவில்ட்டுகள் நியூயார்க்கில் ஏலம் போயின. கடைக்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு அளவும் மாதிரியும் வந்தன: ஒரே தினுசு, ஒரே தையல். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்கு கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம். சம்பளம் கிடைத்தது, சும்மா சொல்லக்கூடாது. கற்பனைக்கு இடம் இல்லாமல் போனது. ஆனால் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் ஜீஸ் பெண்ட் வீடுகளுக்குப் போய், பெண்கள் தங்களுக்கென்று தைத்த குவில்ட்டுகளாயின. 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகளை மாட்டியபோது விமர்சகர்கள் நவீன ஓவியம் என்று வியந்தார்கள். வியந்த கண்களுக்குத் தலையணை உறை தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

இப்போது நீள்கை எந்திரத்துக்கு வரலாம். லாங்ஆர்ம் என்பார்கள். வீட்டுத் தையல் மிஷினில் துணியை நகர்த்துகிறோம். இதில் துணி பத்துப் பன்னிரண்டடிச் சட்டத்தில் உருளைகளில் கட்டிக் கிடக்க, மிஷின் தண்டவாளத்தில் நகர்கிறது. பெண் நின்றுகொண்டு இரு கைப்பிடிகளைப் பிடித்து அதை ஓட்டுகிறாள். 1980களில் மிஸௌரியின் வெஸ்ட் ப்ளைன்ஸ் ஊரிலிருந்து கேம்மில் நிறுவனம் விற்கத் தொடங்கிய இந்த மிஷின், கூலிக்குத் தைப்பதை வீட்டுக் கொட்டகையில் நடக்கும் சிறுதொழிலாக்கியது. 1989இல் பதூகா போட்டியில் கேரில் ப்ரையர் ஃபாலெர்ட் வீட்டு மிஷினில் தைத்த குவில்ட் முதல் பரிசு வாங்கியதும், எந்திரத் தையல் தீட்டு என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. 2008இல் மிஸௌரியின் ஹாமில்டன் என்ற சிற்றூரில் ஜென்னி டோன் என்பவருக்குப் பிள்ளைகள் ஒரு நீள்கை மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தொழிலும் அவர் காணொளியில் நடத்திய பாடங்களும் ஊரையே குவில்ட் கடைத்தெருவாக்கின. இந்த வெற்றிக் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கொட்டகையில் தனியாக நிற்கிற மற்றவர்களைப் பற்றிக் கதை இல்லை.

அவர்கள் என்ன கற்கிறார்கள்? மிஷின் விற்பவரிடம் ஓரிரு நாள் பயிற்சி, அல்லது கடையில் ஒரு வகுப்பு முடித்து மணிக்கணக்கில் மிஷினை வாடகைக்கு எடுத்தல். மேல் நூலுக்கும் பாபின் நூலுக்கும் இழுவை சரிசெய்வது, அடித்துணி எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்கப் பார்ப்பது, தாளில் வரைந்த கோட்டை லேசர் புள்ளியால் தொடர்ந்து ஓட்டுவது. வாடிக்கையாளர் அளக்காமல் தைத்த ஓரம் அலை அலையாக வந்திருக்கும். ‘நீங்க தைக்கிறப்ப சரியாயிடும்ல’ என்பார். சரியாகாது. பழி தைத்தவளுக்கு.

கடினமான பாடம் விலை. கெஜ நூல் போய்ச் சதுர அங்குலம் வந்திருக்கிறது. அறுபதுக்கு எண்பது அங்குலக் குவில்ட் 4,800 சதுர அங்குலம். இரண்டு சென்ட் வீதம் 96 டாலர். ஏற்றிக் கட்ட ஒரு மணி, தைக்க மூன்று மணி, இறக்கி நறுக்க அரை மணி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபது டாலருக்குச் சற்று மேல் நிற்கிறது. இதிலிருந்து நூல், மின்சாரம், பல்லாயிரம் டாலர் மிஷினுக்கான தவணை எல்லாம் போக வேண்டும். மிஷின் அவளுடையது, ஆகவே அவள் முதலாளி என்று நம் மார்க்சிய நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். தன்னையே சுரண்டிக்கொள்ளும் முதலாளி என்று ஒரு வகையைச் சேர்த்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழைய சட்டத்தைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள், விலையைப் பற்றிப் பேசவில்லை. இங்கே விலை பேசுகிறாள், பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

ஆனாலும் அந்தத் தொழிலில் புழங்கும் விலைப்பட்டியல்கள் எனக்குப் பெரிய பிரதியாகப் படுகின்றன. தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு விலைப்பட்டியலில் என்ன வேலை என்று கேட்கலாம். வரிவரியாகப் பாருங்கள். முகத்துணிக்கு இஸ்திரி போட இவ்வளவு. பின்புறம் தொங்கும் நூல்முனைகளை நறுக்க இவ்வளவு. அடித்துணியை இணைத்துத் தைக்க இவ்வளவு. பூனை நாய் முடி ஒட்டியிருந்தால் எடுக்க இவ்வளவு. எவ்வளவு சின்னக் குவில்ட்டானாலும் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு.