உண்ணியும் ஊர்விட்டு ஊர் வந்த நாய்களும்

புனேயில் மழை தொடங்கினால், எங்கள் குடியிருப்பில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரே பேச்சுதான்... உண்ணி! "தெருநாய் உடம்பெல்லாம் உண்ணியோட திரியுது, அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. காசு கொடுத்து வாங்கின லாப்ரடார் மட்டும் ஏன் சார் படுத்துடுது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போகவேண்டும்.

முதலில் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிப்போவார்கள். அந்தத் தெற்கத்தி மாடுகள் நன்றாகவே இருக்கும். அவை போன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகளோ காய்ச்சல் வந்து, ரத்தச் சிவப்பாகச் சிறுநீர் போய்ச் சாகும். உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். படித்தவர்கள் பலர் நம்பவில்லை.

தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். உண்ணிகளைப் பொறுக்கி எடுத்துவிட்ட தெற்கத்தி மாடுகளோடு கட்டிய வடக்கத்தி மாடுகளுக்கு நோய் வரவில்லை. மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் தூவிய புல்வெளியில் மேய்ந்தவற்றுக்கு வந்தது! முடிவுகள் 1893இல் வெளியாயின. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான்.

அடுத்தது நம்ம சென்னை. அன்றைய மதராஸில் வெள்ளைக்காரர்கள் நரி வேட்டைக்கென்றே நாய்கள் வளர்த்தார்கள். அந்த நாய்களின் ரத்தத்தில் ஒரு புது ஒட்டுண்ணியைக் கண்டதாக 1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ராணுவ மருத்துவர் எழுதினார். பிறகு அதையே நரியின் ரத்தத்திலும் கண்டார். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. நம் ஊர் நாய்களுக்கு வரும் 'உண்ணிக் காய்ச்சல்' கிருமிகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்று எர்லிக்கியா. 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் கண்டுபிடித்தார்கள். அதன் முழுக் கோரமும் தெரிந்தது வியட்நாம் போரில். அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தன. அதிகம் அடிபட்டவை ஜெர்மன் ஷெப்பர்டுகள்.

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் நண்பருக்குப் பதில் கிடைத்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கிருமியோடு பழகிய பிராணி அதைச் சுமந்துகொண்டே நடமாடும். புதிதாக வந்தது மாட்டிக்கொள்ளும். தெருநாய்க்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் பாதி உண்மைதான். செத்துப்போன குட்டிகளை நாம் எண்ணுவதில்லையே!

ஸ்மித்தின் புல்வெளி இன்னொரு பாடமும் சொல்கிறது. நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நாய் மேல் இருப்பதில்லை. குஞ்சு, இளசு, முழு வளர்ச்சி என்று மூன்று பருவத்திலும் ஏறி ரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்துவிடும். சுவர் இடுக்கிலும் சோபா அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. படுக்கையை வெந்நீரில் துவையுங்கள், இடுக்குகளையும் கவனியுங்கள்.

மருந்தும் நிறையவே மாறிவிட்டது. 1906இல் தொடங்கிய அமெரிக்க உண்ணி ஒழிப்பில் மாடுகளை ஆர்சனிக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். 1990களில் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு வந்தது. 2013 முதல் ஐசோக்சசோலின் வகை மாத்திரைகள். இவற்றால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்தது. டாக்டரிடம் கேட்டே கொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்களும், லீவுக்கு நாயையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும் கிளம்பும் முன்பே உண்ணி மருந்து போட்டுவிடுங்கள். திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எர்லிக்கியா என்றால், ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். வியட்நாமில் செத்த அந்த நாய்களுக்கு நோய் இன்னதென்று தெரியவே நாளாயிற்று. நமக்குத் தெரியும்.