கயிற்றுக் கங்கு

எங்கள் அப்பாவுக்கு நிகோடின் என்ற சொல் கடைசிவரை தெரியாது. ஆனால் சாராயக் கடை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பீடிக்கட்டை இறக்க வேண்டும் என்பது தெரியும். மேற்குத் தாம்பரத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கடைக்காலில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் எந்நேரமும் கங்கு கனன்றுகொண்டிருக்கும். பீடி வாங்கியவர்கள் குனிந்து பற்றவைத்துக்கொண்டு போவார்கள். “அங்க ஒரு கிளாஸ் இறங்குனா இங்க ரெண்டு பீடி போகும்டா” என்பார் அப்பா. அவருடைய வியாபாரக் கணக்கு அவ்வளவுதான்.

1948 அக்டோபர் 2 முதல் மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971 ஆகஸ்ட் 30-ல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியது. அந்த வருடம்தான் அப்பா கடை போட்டார். 1973-லும் மறுவருடமுமாகச் சாராயக் கடைகளையும் கள்ளுக்கடைகளையும் அதே அரசு மூடியது. பீடிக்கு யாரும் தடை போடவில்லை. விலையும் ஏறவில்லை. ஆனாலும் எங்கள் கடையில் பீடி தேங்கியது. அப்பா கடலை மிட்டாய்க்கும் வெற்றிலைக்கும் மாறினார். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திறந்தபோது, தேங்கிய சரக்கும் தீர்ந்து, புது மூட்டையும் வந்தது.

இந்தக் கணக்குக்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். புகையை இழுத்த இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் இது போய் உட்கார்ந்துகொண்டு டோபமைனைச் சுரக்கவைக்கிறது. மது வேறு வழியில் வந்து அதே டோபமைனைக் கிளப்புகிறது. போதாததற்கு அந்த ஏற்பிகளின் வேலையிலும் கை வைக்கிறது. மது மந்தமாக்கும், நிகோடின் விழிக்கவைக்கும். “ஒரு தம் போட்டா தெளிஞ்சிடும்” என்று எழுந்து வந்தவர் தெளிந்ததாக நினைத்துக்கொண்டு அடுத்த கிளாஸுக்குத் திரும்பிப் போவது இதனால்தான். நாள்தவறாமல் குடிப்பவரின் ஈரல் நிகோடினையும் வேகமாகச் சிதைக்கிறது. அது சீக்கிரம் தீர்வதால் அடுத்த பீடியும் சீக்கிரம் தேவைப்படுகிறது. அப்பாவின் ‘ரெண்டு பீடி’ அங்கேதான் இருந்தது.

கெடுதலும் இப்படியே கைகோத்துக்கொள்கிறது. மது வாய், தொண்டையின் உள்தோலை இளக்கிவிட, புகையிலையின் நஞ்சு சுலபமாக உள்ளே இறங்குகிறது. அசிட்டால்டிஹைடு என்ற நச்சு, புகையிலும் இருக்கிறது. மது உடம்பில் சிதையும்போதும் உண்டாகிறது. இரண்டையும் அதிகமாக வைத்துக்கொண்டவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இரண்டையும் தொடாதவர்களைவிட 35 மடங்குக்கும் மேல் என்று 1988-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. இங்கே நடப்பது கூட்டல் இல்லை, பெருக்கல்.

எங்கள் ஊருக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். சுத்தமான காற்றே காசநோய்க்கு மருந்து என்று நம்பி டாக்டர் சௌரி முத்து 1928-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் பல ஊர்களிலிருந்து வந்து இறங்கிய அதே வட்டாரத்தில்தான் நாங்கள் புகை விற்றோம். காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் இருட்டியதும் சாராயத்தை முடித்துவிட்டுக் கயிற்றருகே வந்து நிற்பார். ஐசோனியாசிட் என்ற காசநோய் மாத்திரையோடு மது சேர்ந்தால் ஈரல் கெடும் ஆபத்து கூடும் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அப்பா இரண்டு பீடியை எடுத்துக் கொடுப்பார்.

2003-ல் மூன்று காரியங்கள் நடந்தன. புகையிலைப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களைப் பற்றி டாக்டர் கஜலட்சுமி குழுவினர் நடத்திய ஆய்வு லான்செட் இதழில் வெளியானது; காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமே காரணம் என்றது. நவம்பரில் அரசு நிறுவனமான டாஸ்மாக் மதுவின் சில்லறை விற்பனையில் இறங்கியது. பக்கத்திலேயே பார், பார் வாசலில் பெட்டிக்கடை. கயிறு போய், நூலில் கட்டிய லைட்டர் வந்திருந்தது. 2008 அக்டோபர் 2-ல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற உத்தரவால் ஜி.எஸ்.டி. சாலையோர மதுக்கடைகளை மூடினார்கள். சந்துக்குள் எங்கே கடை திறந்ததோ, பின்னாலேயே சிகரெட் பெட்டியும் போனது.

நானும் அந்தக் கடையில் உட்கார்ந்து கற்றவன்தான், குடியையும் சேர்த்து. முதல்முறை குடியை விட்டபோது, “சிகரெட்டையும் சேத்து விடாதீங்க, தாங்க மாட்டீங்க” என்று அறிவுரை சொன்னார்கள். நாலு மாதம் தாங்கினேன். ஒரு மழை ராத்திரி, சிகரெட் விரலிடுக்கில் இருக்க, கால் தானாக பாருக்குப் போனது. ‘பெயரற்ற குடிநோயாளிகள்’ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் 1934-ல் குடியை விட்டார். புகையை விட முடியாமல் நுரையீரல் நோயோடு 1971-ல் போய்ச் சேர்ந்தார். குடிக்குச் சிகிச்சை பெறும்போதே புகையை விடவும் உதவி கிடைத்தவர்கள், போதையிலிருந்து நெடுநாள் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியது என்று 2004-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டாம் முறை நான் இரண்டையும் ஒன்றாக விட்டேன். அதன் பிறகு தொடவில்லை.

விடுவதென்றால் இரண்டையும் சேர்த்து விடுங்கள். நெடுநாள் குடித்தவராக இருந்தால், நிறுத்திய முதல் வாரத்தில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அதை வீட்டுக்குள்ளேயே சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது சிகரெட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.