மட்டன் சாப்பிட்டா நுரையீரல் புற்றுநோய் வருமா? தட்டை மட்டும் பார்த்தா போதாது!

ஞாயிற்றுக்கிழமை மதியம். மட்டன் குழம்பு வாசம் தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு... 'கறி சாப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய்!' அதைப் படித்த எங்கள் பெரியப்பா, "எனக்கு ரசம் மட்டும் போதும்மா" என்று கறிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல மொட்டைமாடிக்குப் போய், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

கேட்க சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம். சின்ன ஆபத்துக்குப் பயந்து, பெரிய ஆபத்தைக் கையிலேயே வைத்திருக்கிறோம். அந்த ஃபார்வர்டில் எவ்வளவு உண்மை? பார்க்கலாம் வாங்க.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையிலான சுமார் 5 லட்சம் பேரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 20% கூடுதலாக இருந்தது. சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியில் இது 16%.

20% என்றதும் 'நூறில் இருபது பேருக்கு வந்துடுமா?'ன்னு பதறாதீங்க. அது அப்படி இல்லை. உதாரணத்துக்கு, ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 20% கூடினால் அது 12 பேர். அவ்வளவுதான்.

இப்போ சிகரெட்டுக்கு வருவோம். புகைபிடிக்காதவர்களைவிட புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 15 முதல் 30 மடங்கு வரை அதிகம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். நம் உதாரணத்தில், அந்தப் பத்து பேர் குறைந்தது 150 பேர் ஆகிவிடுவார்கள். பன்னிரண்டு எங்கே, நூற்றைம்பது எங்கே?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிறைய கறி சாப்பிடுபவர்களில் புகைபிடிப்பவர்களும் அதிகம் இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு அதைக் கழித்தாலும், முழுசாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால்தான் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018 அறிக்கை, இறைச்சிக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமான ஆதாரத்தை 'குறைந்த அளவிலானது' என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது.

அப்போ கறி பாதுகாப்பானதா?

அவசரப்படாதீங்க. இறைச்சி விஷயத்தில் ஆதாரம் வலுவாக இருப்பது பெருங்குடல் புற்றுநோய்க்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்பது அதன் கணக்கு. சிவப்பு இறைச்சி, 'அநேகமாக உண்டாக்கக்கூடியது' என்ற அடுத்த பிரிவில் இருக்கிறது.

'சிகரெட்டும் முதல் பிரிவுலதானே இருக்கு, அப்போ ரெண்டும் ஒண்ணா?'ன்னு கேட்கலாம். இல்லை. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் இந்தப் பிரிவுகள் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 34,000 புற்றுநோய் மரணங்களுக்கு பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவுமுறை காரணமாக இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். புகையிலைக்கான எண்ணிக்கை சுமார் 10 லட்சம்.

பதப்படுத்தியது என்றால் பாக்கெட்டில் வருவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உப்புப் போட்டோ, புகைபோட்டோ கெடாமல் வைக்கும் எந்த இறைச்சியும் இதில் சேரும். நம் ஊர் உப்புக்கண்டமும் இந்தக் கணக்குதான்.

கறியைவிட புகையைக் கவனிங்க!

கறியை நேரடித் தீயில் சுடும்போது கொழுப்பு உருகி கரியில் சொட்டும். அதிலிருந்து எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற வேதிப்பொருள்கள் இருக்கும். அவை கறியின் மேல் படியும். சிகரெட் புகையிலும் இருப்பது இதே பென்சோபைரீன்தான். கறி கருகும் அளவுக்குச் சூடானால் வேறு சில நச்சுப்பொருள்களும் உருவாகும். இதில் சிக்கனுக்கும் மீனுக்கும்கூட விதிவிலக்கு இல்லை.

சமைப்பவர் சுவாசிக்கும் புகையும் முக்கியம். அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையையும், விறகு அடுப்புப் புகையையும் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை' என அதே சர்வதேச முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகை முதல் பிரிவிலேயே இருக்கிறது. சீனாவிலும் தைவானிலும், புகைபிடிக்காத பெண்களுக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று தேடியபோது, சமையலறைப் புகை மீதும் சந்தேகம் விழுந்தது. கறியைத் தொடாமல், தினமும் அப்பளமும் வடையும் பொரிக்கும் அம்மாவுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

* சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 - 500 கிராமுக்குள் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்குத் தடையில்லை. பதப்படுத்தியதை எப்போதாவது மட்டும் சாப்பிடுங்க.
* குழம்பு, வேகவைத்த கறி நல்லது. கிரில் செய்வதாக இருந்தால், கறியை முன்பே பாதி வேகவைத்துவிட்டு, அடிக்கடி திருப்பிப்போட்டுச் சுடுங்க. கருகிய பகுதியை வெட்டி எறிஞ்சிடுங்க.
* எண்ணெய் புகையும் வரை காயவிடாதீங்க. பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போடுங்க.
* வீட்டுக்குள் யாரையும் புகைபிடிக்க விடாதீங்க. பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையும் புற்றுநோயைத் தரும்.
* சிகரெட், பீடியை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணுக்குப் பேசலாம்.

இந்த இருமலை விடாதீங்க!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், குரல் கம்மிப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது... இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்க. நம் நாட்டில் இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள். அது சரியும்கூட. ஆனால், சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகாமலோ, மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியாமலோ இருந்தால், 'சி.டி ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?' என்று கேட்கத் தயங்காதீங்க. காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் நாள் கடந்துபோன பிறகு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது இங்கே நடக்கிறது. 'நான்தான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே' என்ற தைரியமும் வேண்டாம். புகைபிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மறுபடியும் மட்டன்தான். பெரியப்பா தட்டில் இரண்டு துண்டு நானே வைக்கப்போகிறேன். பதிலுக்கு, அந்த சிகரெட் பாக்கெட்டை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன். உங்க வீட்டுலயும் ஒரு பெரியப்பா இருந்தா, நீங்களும் கேட்டுப்பாருங்க!