மேலறை நடுக்கமும் இதய மாற்றமும்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்தில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் ஒழுங்கின்றித் துடிக்கின்றன. நோய் நீடித்தால் அறையின் தன்மையே மாறுகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெஸ்ஸி குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆடுகளின் மேலறையில் நடுக்கத்தைத் திரும்பத் திரும்பத் தூண்டினார்கள். முதலில் சில விநாடிகளில் தானே அடங்கிய நடுக்கம், ஒன்றிரண்டு வாரங்களில் நாள் முழுதும் நீடித்தது. நடுக்கமே அடுத்த நடுக்கத்துக்கு வழி செய்கிறது என்ற இந்த முடிவு, சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஒன்று.

முதலில் மாறுவது மின்னியல்பு. உயிரணுவுக்குள் கால்சியம் நுழைவது குறைந்து, ஒரு துடிப்புக்குப் பின் தசை ஓய்வெடுக்கும் நேரம் சுருங்குகிறது. இயல்பான துடிப்பு திரும்பினால் இது சில நாட்களில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ மேலறை விரிகிறது. தசை இழைகளுக்கிடையே தழும்பு போன்ற நார்த்திசு படிகிறது. இதை மீட்பது கடினம். விரிந்த இடது மேலறையின் ஒட்டுப்பையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். கட்டுக்கடங்காத துடிப்பு வேகம் கீழறையையும் பலவீனப்படுத்தும். எனவே படபடப்பு வந்து வந்து போகும் தொடக்க நிலையிலேயே இசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.