சடுகுடு மூச்சும் ஜெய்ப்பூர்க் கருவியும்

சடுகுடுக்கு ஒரு காலத்தில் கடிகாரம் கிடையாது. பாடிப் போகிறவனுடைய மூச்சுதான் கடிகாரம். நடுக்கோட்டைத் தாண்டும்போது இழுத்த ஒரே மூச்சில் பாட்டு அறுபடாமல் ஓட வேண்டும், தொட வேண்டும், பிடி விழுந்தால் உதறிக்கொண்டு கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் ஆள் அவுட். இன்றைய கபடியில் ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று கணக்கு வந்துவிட்டது. ஆனாலும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா நேரத்தில் மின்னொளி கபடி போஸ்டர் இல்லாத சுவர் குறைவுதான்.

அதே ஊர்களில்தான் "பையனுக்கு வீசிங் இருக்கு, கிரவுண்டுல ஓட விடாதீங்க சார்" என்று பி.டி. வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். "பம்ப் போட்டா பழக்கமாயிடும், மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, தானா சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது புதிதாக, வாயில் வைத்து இழுக்கிற பிளாஸ்டிக் கருவி ஒன்று ஆன்லைனில் வருகிறது. மூச்சுத் தசைக்கு ஜிம் மாதிரி என்கிறார்கள். மூச்சைப் பழக்கினால் ஆஸ்துமா உள்ளவர் ஓடலாமா? இந்தக் கேள்விக்கு நீளமான வரலாறு இருக்கிறது. அதில் நம்ம பக்கத்துப் பங்கும் கொஞ்சம் உண்டு.

முதலில் நோய். ஓட்டம், உடற்பயிற்சி, கடும் வேலை இவற்றால் மூச்சு முட்டுவதை ஆஸ்துமா என்று எழுதிவைத்தவர் கப்படோசியா நாட்டு மருத்துவர் அரிட்டேயஸ். கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டுக்காரர். 1698இல் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதிய இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயருக்கே இழுப்பு உண்டு. ஆனால் அளந்து பார்த்த கதை 1960களில்தான் தொடங்குகிறது. ஆர்.எஸ். ஜோன்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1962இல் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஓடினால் மூச்சுக்குழாய் விரிகிறது. எட்டு, பத்து நிமிடம் தொடர்ந்து ஓடினால், நின்ற பிறகு சுருங்குகிறது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் கபடிக்கு வரும்போது தேவைப்படும்.

ஏன் சுருங்குகிறது? சிட்னியைச் சேர்ந்த சாண்ட்ரா ஆண்டர்சன் இதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர். அவருடைய விளக்கம் இப்படி: ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் மூக்கின் வேலை மூச்சுக்குழாயின் தலையில் விழுகிறது. குழாயின் உட்பரப்பு காய்கிறது, அங்குள்ள நீரின் உப்புச் செறிவு கூடுகிறது, அதனால் தூண்டப்படும் செல்கள் ஹிஸ்டமின் போன்றவற்றை வெளியே விடுகின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓடும்போதே வருவதைவிட, நின்று 5 முதல் 10 நிமிடத்துக்குள் வருவதுதான் இதன் அடையாளம்.

இதை நம்ம ஊர்க் காற்றில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுரையீரலுக்குள் போகும்போது காற்று 37 டிகிரியில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீரோடு இருக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் 35 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், காற்றில் இருப்பது சுமார் 16 மி.கி. மீதி 28 மி.கி. நம் மூச்சுக்குழாய் தர வேண்டும். இதே மாவட்டத்துக்குள், கொடைக்கானலில் 10 டிகிரி விடியற்காலையில், பனி மூட்டம் போட்டு நூறு சதவீத ஈரம் இருந்தாலும் காற்று தாங்குவது 9 மி.கி.தான். அங்கே கடன் 35 ஆகிவிடுகிறது, கீழே இருந்ததைவிடக் கால்வாசி கூடுதல். கீழே பிரச்சினை இல்லாமல் ஓடுகிற பையன் மலை மேல் பயிற்சி முகாமுக்குப் போய் இருமினால் ஆச்சரியப்பட வேண்டாம். நாம் 'ஈரமான குளிர்' என்று உணர்வதுகூட நுரையீரலுக்கு வறண்ட காற்றுதான். சமவெளியில் வேறு தொல்லைகள் உண்டு: மில் பஞ்சுத் தூசி, ரோட்டுப் புழுதி. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அடுத்து, தசை. ஆஸ்துமாக்காரருக்குக் குழாய் சுருங்கும்போது உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. நெஞ்சு ஊதின நிலையிலேயே நிற்கிறது. உதரவிதானம் என்ற தசை குடை மாதிரி வளைந்திருந்தால்தான் நன்றாக இழுக்கும். நெஞ்சு ஊதினால் அது தட்டையாகிவிடுகிறது. பாதி வலுவோடு இரட்டை வேலை பார்க்க வேண்டிய நிலை. ஆரோக்கியமானவருக்கே இந்தத் தசைகள் லேசான ஆள் இல்லை. உச்ச வேகத்தில் ஓடும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் 14 முதல் 16 சதவீதத்தை மூச்சுத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜெரோம் டெம்ப்சியின் குழு 1990களில் காட்டியது. மூச்சுக்கு அதிக ரத்தம் போனால் காலுக்குப் போவது குறைகிறது. 'மூச்சு வாங்குது, கால் நகர மாட்டேங்குது' என்று ஓடுகிறவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை.

மூச்சுத் தசையும் மற்றத் தசை மாதிரிப் பயிற்சியால் வலுப்படும் என்று முதலில் முறையாகக் காட்டியவர்கள் லீத், பிராட்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1976இல். வெறும் 12 பேரை வைத்து, ஐந்து வாரம். வலுவுக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்கு வலு சுமார் 55 சதவீதம் கூடியது. 1992இல் இஸ்ரேலில் வீனர் குழு 30 ஆஸ்துமா நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு உண்மையான எதிர்ப்போடும் மீதிப் பேருக்குப் பெயரளவுக்கும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தது. உண்மையான பயிற்சி எடுத்தவர்களுக்கு அறிகுறிகளும் ஆஸ்பத்திரிப் படியேறுவதும் குறைந்தன. பிறகு இங்கிலாந்தில் அலிசன் மெக்கானல் கையடக்கக் கருவியை உருவாக்கி விளையாட்டுக்காரர்களிடம் கொண்டுபோனார். அதன் வழக்கமான முறை: உங்களால் இழுக்க முடிந்த அதிகபட்ச அழுத்தத்தில் பாதியை எதிர்ப்பாக வைத்து, ஒரு வேளைக்கு 30 மூச்சு, தினம் இரண்டு வேளை, நான்கு முதல் ஆறு வாரம்.

கேட்க நல்லாயிருக்கு. ஆனால் 2013இல் காக்ரேன் அமைப்பு ஆஸ்துமாவுக்கான எல்லா நல்ல ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது தேறியவை ஐந்து, மொத்தம் 113 பேர். முடிவு சொல்ல இது போதாது என்று எழுதிவிட்டார்கள். விளம்பரத்தில் இந்த வரி வராது.

இனி நம்ம பக்கம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்கு கொடுக்கிறார்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. அதாவது விடும் மூச்சு இழுக்கும் மூச்சைப் போல இரண்டு மடங்கு. இது ஆஸ்துமாவுக்காகச் சொன்னது இல்லை, யோகத்துக்காகச் சொன்னது. இதை வைத்து 'அன்றே சொன்னார்கள்' பாட்டுப் பாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

ஜெய்ப்பூர் மருத்துவர் வீரேந்திர சிங் 1980களில் ஒரு சின்னக் கருவி செய்தார். ஜெய்ப்பூருக்கு இளஞ்சிவப்பு நகரம் என்று பெயர் அல்லவா, கருவிக்கும் 'பிங்க் சிட்டி' என்றே பெயர் வைத்தார். அதில் மூச்சு விட்டால் வேகம் தானாகக் குறையும், இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டியிருக்கும். கண் மூடி, சுலோகம் சொல்லி எதுவும் வேண்டாம். இதனால் ஒரு பெரிய வசதி கிடைத்தது: பார்க்க அதே மாதிரி, ஆனால் அந்த வேலையைச் செய்யாத போலிக் கருவியும் செய்யலாம். யோகத்தை ஆராய்கிறவர்களுக்கு இது எப்போதும் தலைவலி. பிராணாயாமத்துக்குப் போலி மாத்திரை எது?

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லேசான ஆஸ்துமா உள்ள 18 பேரிடம் இரண்டு கருவிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990இல் லான்செட் இதழில் வந்தது. உண்மையான கருவியைப் பயன்படுத்திய காலத்தில், மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கக் கூடுதல் ஹிஸ்டமின் தேவைப்பட்டது. குழாயின் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது என்று பொருள். மற்ற அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதி சொல்லும் அளவுக்கு இல்லை. என் பார்வையில் இந்தத் துறையில் நேர்மையான ஆய்வுகளில் இது ஒன்று. சின்னது, ஆனால் நேர்மையானது.

அதற்கு முன்பே, 1985இல், பெங்களூருவில் நாகரத்னாவும் நாகேந்திராவும் 53 நோயாளிகளுக்கு யோகப் பயிற்சி கொடுத்து, அதே மாதிரியான 53 பேரோடு ஒப்பிட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். யோகம் செய்தவர்களுக்கு இழுப்பு வருவதும் மருந்துத் தேவையும் கூடுதலாகக் குறைந்தன. புதுச்சேரி ஜிப்மரில் மதன்மோகன் குழுவின் 1992 ஆய்வு இன்னும் நம் கேள்விக்கு நெருக்கம். 27 மாணவர்கள், 12 வாரம் யோகம். இழுக்கும் அழுத்தம் சராசரி 72இலிருந்து 91 மி.மீ. பாதரசமாகவும், ஊதும் அழுத்தம் 93இலிருந்து 126 ஆகவும் கூடின. பிளாஸ்டிக் கருவி விற்கிறவர்கள் காட்டுவதும் இதே இழுக்கும் அழுத்தத்தைத்தான். ஆனால் இவர்கள் ஆஸ்துமாக்காரர்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்து வைக்கணும். சடுகுடு பழக்குவது வெளிமூச்சை: கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து, பாட்டோடு விடுவது. நாதஸ்வரமும் அப்படித்தான். கருவி பழக்குவது உள்மூச்சை: எதிர்ப்பை மீறி இழுப்பது. இரண்டும் தசையையும் கட்டுப்பாட்டையும்தான் தொடுகின்றன. காய்ந்துபோன குழாய் ஹிஸ்டமின் விட்டு இறுகுவதை இரண்டாலும் தடுக்க முடியாது. மூச்சுத் தசை வலுத்தவருக்கு அதே சுருக்கம் வந்தாலும் திணறல் குறைவாகத் தெரியலாம். அது நல்லதும்தான், ஆபத்தும்தான். திணறல் தெரியவில்லை என்பதால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பயிற்சியால் தேறிவிட்டோம் என்று இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவரைப் பற்றித்தான் எனக்குப் பயம். உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிய வழி எளிது: ஓடுவதற்கு முன் ஊதி அளப்பது, 6 முதல் 8 நிமிடம் வேகமாக ஓடுவது, பிறகு 5, 10, 15ஆவது நிமிடங்களில் மறுபடி ஊதுவது. முதல் விநாடியில் வெளிவரும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சுருக்கம் இருக்கிறது.

இருந்தால் உட்கார வைக்க வேண்டுமா? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இந்தச் சுருக்கம் இருந்தது. அவர்கள் வாங்கிய பதக்கம் 41. சோதித்து, மருந்து சரிசெய்து, அனுப்பினார்கள். முதலில் நல்ல வார்ம்-அப்: இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வேக ஓட்டம் ஓடினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் சுருக்கம் குறைவாக வரும். ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால், டாக்டர் சொன்ன பம்ப். தினமும் பம்ப் தேவைப்படுகிறவருக்குக் குழாயின் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். மூச்சுப் பயிற்சி இவற்றுக்கு மேல். ஜோன்ஸ் சொன்னதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்த ஓட்டம்தான் மோசம், விட்டு விட்டு வரும் வேகம் அவ்வளவு இல்லை. 1,500 மீட்டரில் திணறுகிற பையன், 30 விநாடி ரைடு போய்வந்து மூச்சு வாங்கிக்கொள்கிற கபடியில் நின்று ஆடிவிடலாம்.

பம்ப் போட்டால் ஊக்கமருந்து என்று பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1972 மியூனிக்கில் 16 வயது அமெரிக்கப் பையன் ரிக் டிமான்ட் 400 மீட்டர் நீச்சலில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்று, ஆஸ்துமா மருந்தில் எஃபெட்ரின் இருந்ததால் அதை இழந்தான். மருந்தின் பெயரைப் படிவத்தில் முன்கூட்டியே எழுதித்தான் கொடுத்திருந்தான். அதைக் கவனிக்க வேண்டிய அணி மருத்துவர்கள் கவனிக்கவில்லை. இன்றைய விதி அப்படி இல்லை. இன்ஹேலரில் எடுக்கும் சால்பியூடமாலுக்கு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு, எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக் கூடாது. நம்ம மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரணப் பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஓடுவதற்கு முன்னால் வழக்கமாகப் போடுவது இரண்டு அழுத்து.