தோள்பட்டை நழுவுதா? உள்ளே தள்ளினா போதாது!

1/ எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் லோடு தூக்கும் தம்பிகள் சிலர் சொல்வாங்க: "தோள் நழுவும் சார், நானே தள்ளிப் போட்டுக்குவேன்." அது சரியா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ சுமார் 2400 வருஷம் முன்பு ஹிப்போக்ரடீஸ் கால கிரேக்கத்தில், அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் இரும்பைக் காய்ச்சி சூடு வைத்தார்கள். தழும்பு இறுகி மூட்டைப் பிடிச்சுக்குமாம்!

3/ 1923. லண்டனில் பேங்கார்ட் காரணத்தைச் சொன்னார்: மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு வளையம் பிய்ந்துவிடுகிறது. அதைத் திரும்பத் தைக்கணும்.

1940. பந்து எலும்பிலும் பள்ளம் விழுவதை ஹில், சாக்ஸ் விளக்கினார்கள்.

4/ 1918-ல் டோக்கியோவில் டகாகி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை இறந்தவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அப்படிப் பிறந்த ஆர்த்ரோஸ்கோப்பி பின்னாளில் தோளுக்கும் வந்தது. சின்னத் துளை போதும்.

5/ ஆனா 2000-ல் பர்க்ஹார்ட், டி பீர் 194 துளைவழி ஆபரேஷன்களை அலசினார்கள். எலும்பு பெரிதாகச் சேதமாகாதவர்களில் 4% பேருக்கே மீண்டும் பிரச்சினை. சேதமானவர்களில்? 67%!

அவங்களுக்கு 1954-ல் பிரான்ஸின் லாடர்ஜே காட்டிய வழி: பக்கத்து எலும்புத் துண்டை எடுத்து, கிண்ணத்தில் ஸ்க்ரூ போட்டு இணைப்பது.

6/ ஒவ்வொரு நழுவலும் எலும்பைத் தின்னலாம். அதனால நீங்களே தள்ளிப் போடாதீங்க தம்பி. துளையிலேயே முடியுற கட்டத்தில் எலும்பு டாக்டரைப் பாருங்க.